அந்தப் பாம்பு குருடு இல்ல, சட்டை உரிக்கப் போகுது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க ஞாயிறு இணைப்புல ஒரு பேன்டஸி நாவல் தொடரப் பத்தி முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்துச்சு. உலகத்தையே முடிச்சு வைக்கப்போற பாம்பு ஒண்ணு வருமே, அந்தத் தொடர். இந்த மாதிரி புத்தகத்துக்கெல்லாம் ஒரு பக்கம் ஒதுக்குனதுக்கே மொதல்ல நன்றி சொல்லணும், காலையில பேப்பரப் பிரிச்சதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம், காபி ஆறிப்போனது கூட தெரியாம நின்னுட்டே படிச்சேன். படிச்சு முடிச்சப்ப மனசு கஷ்டமாயிடுச்சு, அதான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க. எடம் இல்லன்னா வெட்டிக்கங்க, ஆனா கண்ணு பத்தி வர்ற பகுதிய மட்டும் வெட்டிடாதீங்க.

தொடரோட பேர நான் இங்க எழுதப்போறதில்ல. நான் சொல்லப்போறதுல கதை நிறைய வெளிய வந்துரும், இனிமேதான் படிக்கப்போறவங்க பாவம். உங்க கட்டுரையில பேரையும் போட்டு நாலாவது பாகத்தோட கடைசி அத்தியாயத்தையும் சொல்லிட்டாங்க, அது தனி வருத்தம், அத விட்டுடறேன்.

கட்டுரையில முக்கியமா சொல்லியிருந்தது இதுதான். மூணாவது பாகத்துல பாம்பு குருடா இருக்கு, நாலாவது பாகத்துல அதே பாம்புக்கு கண்ணு தெரியுது, நாவலாசிரியருக்கே தான் எழுதுனது மறந்துபோச்சு, இதக்கூட கவனிக்காம ரசிகருங்க மணிக்கணக்கா அது எப்ப எந்திரிக்கும் யாரு கொல்லுவான்னு பேசிட்டு இருக்காங்க, வேற வேலையே இல்லையா, இப்படிப் போகுது அது.

சார், மூணாவது பாகத்துல பாம்பு குருடுன்னு ஒரு எடத்துல கூட எழுதல. நான் மறுபடி அந்தப் பாகத்த எடுத்து முழுசா பாத்துட்டுதான் இத எழுதறேன். அங்க வர்றது என்னன்னா, கதையில வர்ற ஒரு பொண்ணு இடுப்புல கயிறக் கட்டிட்டு கடலோரப் பொளவுக்குள்ள எறங்குறா, கையில ஒரு விளக்கு, கீழ போகப்போக குளம் மாதிரி ஏதோ ஒண்ணு தெரியுது, அது குளம் இல்ல கண்ணுன்னு அவளுக்குப் புரியறதுக்கே ஒன்றரைப் பக்கம் ஆகுது. அந்தக் கண்ணு நீலம் கலந்த பால் நெறத்துல இருக்கு, விளக்க நீட்டுனா வெளிச்சம் அதுல பட்டு திரும்பி வரல. அவ்வளவுதான் எழுதியிருக்கு. குருடுன்னு நெனைக்கறது அந்தப் பொண்ணு, மேல வந்து ஊருக்கெல்லாம் அப்படித்தான் சொல்றா, ஊரும் நம்பி நிம்மதியா தூங்குது. அவ நெனைச்சத நாவலாசிரியரே சொன்னதா எடுத்துக்கிட்டா எப்படி?

நாலாவது பாகத்துல ஒரு மீனவன் வர்றான், நாலே பக்கந்தான் வருவான், பேரு கூட கெடையாது. அவன் அதே பொளவுகிட்ட வலை சிக்கிப்போச்சுன்னு குனிஞ்சு பாக்கறான், கீழ இன்னொரு விளக்கு எரியுது, விளக்குக்குப் பக்கத்துல ஒரு மூஞ்சி, யாருடா அதுன்னு பாத்தா அவன் மூஞ்சிதான். கண்ணு தெளிஞ்சிருச்சு, கண்ணாடி மாதிரி ஆயிருச்சு. கதைக் கணக்குல இந்த ரெண்டுக்கும் நடுவுல எட்டே நாள்.

நாங்க ஒரு பதினோரு பேர் இந்தத் தொடர மொத பாகத்துலேர்ந்து சேந்து படிக்கறவங்க. வாரம் ஒரு தடவ ஒருத்தர் வீட்ல உக்காருவோம், ஒரு அத்தியாயம் எடுத்துக்குவோம், சில வாரம் ஒரே பத்திக்கு மேல நகராது. உண்மையச் சொல்லணும்னா நாலாவது பாகம் வந்தப்ப எங்கள்ல பாதிப் பேர் உங்க கட்டுரையாளர் சொன்ன மாதிரிதான் சொன்னாங்க, மறந்துட்டாங்கப்பா, எடிட்டர் கூட பாக்கல போலன்னு. நானும் அந்தப் பக்கந்தான். எங்க குழுவுல ரிட்டயர்டு பயாலஜி டீச்சர் ஒருத்தங்க இருக்காங்க, எல்லாருக்கும் அவங்க டீச்சரம்மா, ரொம்ப பேச மாட்டாங்க. எல்லாரும் கத்தி முடிச்சப்புறம் மெதுவா கேட்டாங்க, "பாம்புக்கு இமை இருக்கா?"

யாருக்கும் பதில் தெரியல. இமை கெடையாதாம் சார். பாம்பு கண்ண மூடவே முடியாது, அதுக்குப் பதிலா கண்ணுக்கு மேல கண்ணாடி மாதிரி ஒரு செதில் ஒட்டியிருக்கும், அதுவும் தோல்தான். பாம்பு சட்டை உரிக்கறதுக்கு முன்னாடி பழைய தோலுக்கும் புதுத்தோலுக்கும் நடுவுல ஒரு திரவம் ஊறும், ரெண்டும் பிரியறதுக்கு. அந்த நேரத்துல உடம்பு மங்கிப்போகும், கண்ணு மேல இருக்கற செதிலும் பால் பூத்து நீலமா வெளிறிடும், பாம்புக்கு சரியா பார்வை இருக்காது, எரை எடுக்காது, எங்கயாவது ஒளிஞ்சு படுத்துக்கும், யாராவது சீண்டுனா சட்டுனு கோவம் வரும். இப்படி சில நாள் இருந்துட்டு கண்ணு திடீர்னு தெளிஞ்சிரும். தெளிஞ்சுட்டா சரியாப்போச்சுன்னு நாம நெனைப்போம், ஆனா அதுக்கு அர்த்தம் இன்னும் ரெண்டு மூணு நாள்ல சட்டை கழண்டுரும்ங்கறது. மூக்கக் கொண்டுபோய் கல்லு மேலயோ கட்டை மேலயோ தேய்க்கும், உதட்டு ஓரத்துல தோல் பிரியும், அப்புறம் காலுறைய கழட்டற மாதிரி உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி மொத்தமும் உருண்டு வரும், கண்ணு மேல இருந்த அந்த செதிலும் சேந்துதான் வரும். கீழ கெடக்கற பாம்புச் சட்டையில கண்ணு இருக்கற எடத்துல ரெண்டு சின்ன வட்டக் கண்ணாடி மாதிரி தெரியறது அதான்.

டீச்சரம்மா சொல்லி முடிச்சதும் ஒரு நிமிஷம் யாரும் பேசல. அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்துல புத்தகத்த எடுத்துப் பொரட்ட ஆரம்பிச்சோம் பாருங்க, அந்த சாயங்காலத்த நான் மறக்கவே மாட்டேன். ஏன்னா மூணாவது பாகத்துல கெணத்துத் தண்ணியெல்லாம் பால் மாதிரி கலங்கிப்போகுது, உங்க கட்டுரையில அத கொள்ளைநோய்னு எழுதியிருந்தாங்க, ஊர்க்காரங்களும் அப்படித்தான் பயப்படறாங்க, ஆனா அந்தத் தண்ணியக் குடிச்சு கதையில ஒருத்தரும் சாகல, ஒருத்தர் கூட! அது ரெண்டு தோலுக்கு நடுவுல ஊறுற தண்ணி. ரெண்டாவது பாகத்துல கெணறு வெட்டறவர் தரையில காத வெச்சு ஏதோ சத்தம் கேக்குதுன்னு சொல்லி எல்லாரும் அவர பைத்தியம்னு சொல்வாங்க. மொத பாகத்துல, அதுவும் நாலாவது பக்கத்துலயே, அந்த நாட்ல நாப்பது அடிக்குக் கீழ யாராலயும் தோண்ட முடியாது, கடப்பாரை டங்குனு எகிறி அடிக்கும்னு ஒரு வரி போகிற போக்குல வருது. நாங்க அத பாறைன்னு நெனச்சு தாண்டி வந்திருக்கோம்.

அவங்க குடியிருக்கறது நெலம் இல்ல சார், பழைய சட்டை.

இது தெரிஞ்சப்புறம் நாலு பாகத்தையும் மறுபடி மொதல்லேர்ந்து படிச்சோம், கிட்டத்தட்ட ரெண்டாயிரத்தி முன்னூறு பக்கம். வேற தொடர் படிச்ச மாதிரி இருந்துச்சு. வடக்கு மலையோரத்துல பூமி சுருண்டு எழும்புதுன்னு வர்ற எடம், மாடுங்க படுக்க மாட்டேங்குதுன்னு ஒரு கெழவி சொல்ற எடம், எல்லாமே ஒண்ணோட ஒண்ணு பொருந்துது. இவ்வளவு கவனமா நாலு பாகத்துக்கு விதைச்சு வெச்சிருக்கற ஒருத்தர, தான் எழுதுனதே மறந்துபோனவர்னு ஒரு பேப்பர்ல அச்சடிச்சுப் போட்டா மனசு ஆறுமா சொல்லுங்க.

எனக்கு பன்னெண்டு வயசுல ஒரு பொண்ணு இருக்கா. அவளும் எங்களோட உக்காருவா, படிக்கறதவிட வரையறது ஜாஸ்தி. மூணாவது பாகம் வந்தப்பவே அந்தக் கண்ண ஒரு பெரிய தாள்ல வரைஞ்சு வெச்சிருந்தா, மேல வெள்ளை கிரேயான், அதுக்கடியில லேசா நீலம், அடியில கறுப்பா கண்மணி இருக்கறது தெரியற மாதிரி. குருட்டுக் கண்ணுன்னா கண்மணியே தெரியாதே, நீ ஏன் அடியில போட்டிருக்கன்னு நான் கேட்டேன், அது உள்ள இருக்கும்மா, மேல மூடியிருக்குன்னு சொன்னா. டீச்சரம்மா விளக்கம் சொல்றதுக்கு ஒரு வருஷம் முன்னாடி. புத்தகத்துல இருந்த வர்ணனைய அப்படியே கையால வாங்கியிருக்கா, நாங்கதான் வாங்கல. போன ஞாயிறு உங்க கட்டுரைய அவளும் படிச்சா. படிச்சுட்டு ஒண்ணும் சொல்லல, சாயங்காலம் பாத்தா அந்தப் படத்த சுவத்துலேர்ந்து எடுத்து வெச்சுட்டா. ஏன்டின்னா, பேப்பர்லயே தப்புன்னு போட்டிருக்காங்களேங்கறா. சார், பேப்பர்ல வந்தா அது சரின்னு நம்புற புள்ளைங்க இன்னமும் இருக்காங்க. அதுக்காகத்தான் இத நான் விடல.

இப்ப பேச்சு எதப் பத்தின்னும் சொல்லணும், ஏன்னா ரசிகருங்க யாரு கொல்லுவான்னு மட்டும் பேசிட்டு இருக்கறதா எழுதியிருந்தாங்க. ஒரு ரெண்டு வருஷமா எங்க மத்தியில அந்தக் கேள்வியே வரல. சண்டை வேற. அது சட்டைதான் உரிக்குது, யாரையும் அழிக்க வரல, அதுக்கு யார் மேலயும் கோவம் இல்லன்னு நான் ஒரு வாரம் ரொம்ப சந்தோஷமா பேசிட்டு இருந்தேன். எங்கள்லயே சின்னவன் ஒரு தம்பி, காலேஜ் படிக்கறான், அவன் என்னயப் பாத்துச் சொன்னான், "அக்கா, பாம்புக்கு அது சட்டை. சட்டை மேல குடியிருக்கறவனுக்கு?"

அன்னிக்கு எனக்கு ராத்திரி தூக்கம் வரல. அவன் சொல்றது நூத்துக்கு நூறு நெசம். அதுக்கு வெறுப்பு இல்லங்கறதால ஒரு வீடு கூட பொழைக்காது. வெறுப்போட வர்றவன்கிட்டயாவது கெஞ்சலாம், பேரம் பேசலாம், இதுகிட்ட என்ன பேசறது, அதுக்கு மேல யாரோ இருக்காங்கன்னே அதுக்குத் தெரியாதே. வில்லன் வேணும்னு வில்லன வெச்சிருந்தா இந்தக் கதை என்னிக்கோ முடிஞ்சிருக்கும். இது ரொம்ப பயங்கரமான எடம், இந்தப் பயத்த வெச்சுக்கிட்டு நாங்க மாசக்கணக்கா பேசறோம்னா அது பொழுதுபோகாம இல்ல.

அடுத்தது, உலகத்துல எல்லாக் கதையிலயும் பாம்புன்னா கெட்டது, வீரன் வந்து கொல்லுவான், இதுல புதுசா என்ன இருக்குன்னு கட்டுரையில கடைசிப் பத்தியில ஒரு வரி வருது. அதுக்கு உதாரணமா வட ஐரோப்பாவோட பழைய நார்ஸ் கதையில தோர்ங்கற இடி சாமி கொன்ன கடல்பாம்பையும் சொல்லியிருந்தாங்க. அந்தக் கதைய முழுசா சொல்லியிருந்தா அவங்க சொன்னதுக்கு நேரெதிரா போயிருக்கும்.

யோர்முங்காண்ட்ங்கற அந்தப் பாம்பு லோகிங்கற தந்திரக்கார சாமியோட புள்ள. இதால பின்னாடி கேடு வரும்னு ஜோசியம் கேட்டு, குட்டியா இருக்கறப்பவே சாமிகளுக்கெல்லாம் தலைவரான ஓடின் அத தூக்கி கடல்ல போட்டாரு. போட்ட எடத்துல அது வளந்து வளந்து உலகத்தையே ஒரு சுத்து சுத்தி தன் வாலத் தானே வாயில கவ்விக்கிச்சு. பழைய பாட்டு ஒண்ணுல அதுக்குப் பேரு எல்லா நெலத்தையும் சுத்தியிருக்கற கச்சை. இடுப்புல கட்டுற கச்சைங்க! கட்டி வெச்சிருக்கற ஒண்ணு. தோர் அத மூணு தடவ சந்திக்கறாரு. ஒரு தடவ ராட்சசன் வீட்ல ஒரு சாம்பல் நெறப் பூனையத் தூக்கச் சொல்றாங்க, எவ்வளவு முக்குனாலும் ஒரே ஒரு பாதந்தான் தரையிலேர்ந்து எழும்புது, எல்லாரும் சிரிக்கறாங்க, மறுநாள்தான் அது பூனை இல்ல அந்தப் பாம்புன்னும், அந்த ஒரு பாதம் எழும்புனப்பவே பாத்தவங்க எல்லாரும் நடுங்கிட்டாங்கன்னும் சொல்றாங்க. இன்னொரு தடவ மாட்டுத்தலைய தூண்டில்ல மாட்டி மீன் பிடிக்கற மாதிரி அதப் பிடிக்கறாரு. ஸ்வீடன்ல ஆல்ட்டூனாங்கற எடத்துல பதினோராம் நூத்தாண்டுக் கல்லு ஒண்ணு நிக்குது, அதோட படத்த நான் பாத்திருக்கேன், தோர் தம் கட்டி இழுக்கற வேகத்துல அவரு காலு படகோட அடிப்பலகைய பொத்துக்கிட்டு வெளிய தொங்குது, அந்தப் பாதத்த எவனோ ஒரு கல்தச்சன் அவ்வளவு அக்கறையா செதுக்கியிருக்கான்.

அந்த மீன்பிடிக் கதையோட முடிவு என்னன்னுதான் சார் நான் சொல்ல வந்தது. படகுல கூட இருந்த ஹைமிர்ங்கற ராட்சசன் பயந்துபோய் கயிற அறுத்துடறான், பாம்பு கடலுக்குள்ள போயிருது, தோர் சுத்தியல வீசுறாரு. இத 1220 வாக்குல ஐஸ்லாந்துல எழுதி வெச்ச ஸ்னோரி ஸ்டுர்லுசன் அந்த எடத்துல ஒரு நிமிஷம் நிறுத்தி, சுத்தியல் பட்டு பாம்போட தலை போயிருச்சுன்னு சிலர் சொல்றாங்க, ஆனா அது இன்னும் உசிரோட கடலுக்கு அடியில கெடக்குதுங்கறதுதான் நெசம்னு கதையில சொல்ற ஆள் வாயில வெக்கறாரு. ஐஸ்லாந்து கிறிஸ்தவ நாடாகி இருநூறு வருஷம் கழிச்சு எழுதுன புத்தகம் அது, பாம்ப சாமியா பூதமா யாரும் நம்புற காலம் இல்ல, அப்பவும் செத்துச்சா சாகலையான்னு ரெண்டு கட்சி இருந்திருக்கு, ரெண்டையும் எழுதி வெச்சுட்டு தனக்கு எது சரின்னு படுதோ அதையும் எழுதியிருக்காங்க. நாங்க வாராவாரம் செய்யறது இதத்தான். எண்ணூறு வருஷப் பழக்கத்த வேலையத்த வேலைன்னு சொல்லிட முடியுமா?

மூணாவது சந்திப்புதான் கடைசி. உலகம் முடியற நாள்ல பாம்பு கரையேறுது, கடல் அதோட சேந்து நெலத்து மேல ஏறுது, தோர் அத கொல்லத்தான் செய்யறாரு, கொன்னுட்டு ஒம்பது அடி எடுத்து வெக்கறாரு, விஷம் ஏறி விழுந்து செத்துப்போறாரு. கட்டுன கச்சை அறுந்துச்சு, கட்டுப்பட்டதும் போச்சு. இதப் போய் வீரன் கொன்னான் கதை முடிஞ்சுதுன்னு ஒரு வரியில எழுதுனா அந்த ஒம்பது அடி எங்க போச்சு? அதுக்கப்புறம் பச்சையா புதுசா ஒரு நெலம் கடல்லேர்ந்து எழும்பி வருதுன்னும் இன்னொரு பழைய நார்ஸ் பாட்டுல இருக்கு, அத படிச்சப்ப எங்க தம்பி "பாத்தீங்களா புதுத்தோலு"ன்னு துள்ளிக் குதிச்சான். அது கொஞ்சம் இழுத்துப் பிடிச்சு சொல்றதுதான், நார்ஸ் பாட்டுல தோல் உரிக்கறதெல்லாம் இல்ல, ஆனாலும் நாவலாசிரியர் எங்கேர்ந்து யோசிக்க ஆரம்பிச்சிருப்பாங்கன்னு ஒரு வழி தெரியுது.

எகிப்துல இருக்கற அபெப் வேற மாதிரி. சூரியன் ராத்திரி படகுல கீழுலகம் வழியா போறப்ப தெனமும் வந்து மறிக்கற பாம்பு, தெனமும் தோக்கும், மறுநாள் மறுபடி வரும். அத யாரும் கும்பிட்டதில்ல. மெழுகுல அத மாதிரி பொம்மை செஞ்சு, பச்சை மையில பேர எழுதி, மேல துப்பி, இடது காலால மிதிச்சு, நெருப்புல போடணும்னு சடங்கே எழுதி வெச்சிருக்காங்க, அந்தப் பாப்பிரஸ் சுருள் இப்ப லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. உங்க கட்டுரையாளர் சொன்ன கெட்ட பாம்புக்கு இது சரியான உதாரணம், நான் ஒத்துக்கறேன். ஆனா அதே எகிப்துல, செத்தவங்களோட வெக்கற புத்தகத்துல 175-ஆவது அத்தியாயத்துல, உலகத்த உண்டாக்குன ஆட்டும்ங்கற சாமி தானே சொல்றாரு, நான் உண்டாக்குன எல்லாத்தையும் நானே அழிச்சிருவேன், எல்லாம் பழையபடி தண்ணியாயிரும், அப்ப மிஞ்சறது நானும் செத்தவங்க உலகத்து ராஜா ஓசிரிஸும்தான், மனுசங்களுக்குத் தெரியாத பாம்பா மாறி இருப்போம்னு. ஒரே ஊர்ல அழிக்க வர்ற பாம்பும் இருக்கு, எல்லாம் அழிஞ்சப்புறம் மிஞ்சற பாம்பும் இருக்கு.

இத டீச்சரம்மா படிச்சுக் காட்டுனப்ப எனக்கு ஆதிசேஷன் ஞாபகம் வந்துச்சு. சேஷம்னா மிச்சம்தானே. எத்தன தடவ அந்தப் பேரச் சொல்லியிருப்போம், சேஷன்ங்கறது மிச்சம் நிக்கறவன்னு ஒரு நாளாவது யோசிச்சிருப்போமா? விஷ்ணு புராணத்துல கல்பம் முடியறப்ப நெருப்பு கெளம்பறது அந்தப் பாம்போட வாயிலேர்ந்துதான், மூணு உலகமும் அதுல வெந்து போகுது, அப்புறம் எல்லாம் ஒரே தண்ணியா நிக்கறப்ப பெருமாள் படுத்துத் தூங்கறதும் அதே பாம்பு மேலதான். எரிச்சதும் அது, படுக்கையும் அது. அடுத்த உலகம் ஆரம்பிக்கறது அங்கேர்ந்து. பாம்புன்னா எப்பவும் வில்லன்னு தமிழ்ல ஒருத்தர் எழுதி அத தமிழ்ப் பேப்பர்ல போட்டிருக்காங்களேன்னுதான் எனக்கு ஆத்தாமை. நம்மளுக்கு இது வெளியேர்ந்து வர வேண்டிய விஷயமே இல்ல.

எங்க குழுவுல நான் இப்ப எந்தப் பக்கம்னா, பாம்பு அழிக்கவும் வரல காப்பாத்தவும் வரல, மிச்சமா இருக்கப்போகுது, அந்த மிச்சத்து மேல யாரு எப்படி ஏறிக்கறதுங்கறதுதான் கடைசிப் பாகம். பழைய சட்டை கழண்டு உருண்டு வர்றப்ப உள்பக்கம் வெளிய வரும்ல, அப்ப மேல நிக்கறவன் ஓடி எந்த எடத்துல குதிச்சா புதுத்தோல் மேல கால் படும்னு என் பொண்ணு ரெண்டு தாள சுருட்டி வெச்சு எறும்பு விட்டு பாத்துட்டு இருக்கா. தம்பி ஒத்துக்கல. ஏறிக்கறவன் நூத்துல ஒருத்தன், மிச்சம் தொண்ணூத்தி ஒம்பது பேர யாரு நெனைக்கறதுன்னு கேக்கறான். அவனுக்கு என்கிட்ட பதில் இல்ல, புத்தகத்துலயும் இது வரைக்கும் இல்ல.

இதனால நாட்டுக்கு என்ன பிரயோஜனம்னும் கட்டுரையில கேட்டிருந்தாங்க. 2004-ல ஒரு விண்கல்லக் கண்டுபிடிச்சாங்க, 2029-ல பூமி மேல மோத 2.7 சதவீதம் வாய்ப்பு இருக்குன்னு அப்ப கணக்கு வந்து உலகமே பேசுச்சு. அதுக்கு அப்போபிஸ்னு பேரு வெச்சாங்க, அபெப்போட கிரேக்கப் பேரு அது. கண்டுபிடிச்சவங்கள்ல ரெண்டு பேருக்கு ஒரு டிவி தொடர்னா உசிரு, அதுல வர்ற வில்லனுக்கு அந்தப் பேரு. அப்புறம் அளந்து பாத்து மோதாதுன்னு முடிவாச்சு, 2021-ல இன்னும் நூறு வருஷத்துக்கு பயமில்லன்னும் சொல்லிட்டாங்க, 2029 ஏப்ரல் 13-ஆம் தேதி தரையிலேர்ந்து சுமார் 32,000 கிலோமீட்டர்ல கடந்து போகப்போகுது, டிவி சேட்டிலைட் சுத்தற தூரத்தவிடக் கிட்ட. வானத்த அளக்கறவங்களுக்கே பயத்துக்கு ஒரு பேரு தேவைப்பட்டப்ப அவங்க கை போனது பாம்புகிட்ட, அதுவும் ரசிகரா இருந்ததாலதான் போச்சு. பிரயோஜனம்னு எனக்குச் சொல்லத் தெரியல, ஆனா இந்தக் கதையெல்லாம் பெரியவங்களுக்கு ஆகாதுன்னு நெனைக்கறவங்க இதையும் கொஞ்சம் பாக்கட்டும்.

கட்டுரையாளர் மேல எனக்குக் கோவம் இல்ல, அவர் நாலு பாகத்தையும் படிச்சிருக்காருன்னு தெரியுது, எழுத்தும் நல்லா இருந்துச்சு, கெணறு வெட்டறவர் சாகற எடத்தப் பத்தி அவர் எழுதுனத எங்க குழுவுல சத்தமா படிச்சோம். வேகமா படிச்சிருக்காரு, அவ்வளவுதான். அவருக்கு எடம் சொல்லிடறேன், எடுத்துப் பாக்கட்டும்: மொத பாகம் நாலாவது பக்கம், மூணாவது பாகத்துல பொண்ணு கயிறுல எறங்குற அத்தியாயம், நாலாவதுல மீனவன் வர்ற நாலு பக்கம். மூணையும் ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணா வெச்சு படிச்சா பத்து நிமிஷம் ஆகும். படிச்சுட்டு சரின்னு பட்டா, பாம்பு குருடு இல்ல, நாவலாசிரியர் மறக்கவும் இல்லன்னு ரெண்டு வரி திருத்தம் உங்க பேப்பர்ல போடணும்னு கேட்டுக்கறேன். ஞாயிறு இணைப்புலயே போட்டீங்கன்னா நல்லது, என் பொண்ணு அதத்தான் மொதல்ல எடுப்பா.

அஞ்சாவது பாகம் இன்னும் வரல. வர்றப்ப சட்டை மொதல்ல வாயோரத்துல பிரியணும், அதாவது அந்தக் கடல் பொளவு பக்கத்துலேர்ந்து, வடக்கு மலையிலேர்ந்து இல்ல. எங்க பதினோரு பேர்ல ஒம்பது பேர் இதுக்குக் கைய தூக்கியிருக்கோம். அப்படி இல்லாம வேற எங்கயாவது பிரிஞ்சா, இல்ல பாம்பு நெசமாவே குருடுன்னு வந்தா, நாங்கதான் தப்பா படிச்சிருக்கோம்னு ஒத்துக்கிட்டு உங்களுக்கு இன்னொரு லெட்டர் எழுதறேன், அத நீங்க இதவிடப் பெருசா போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் ஞாயிறு இணைப்பு வாசகி